அயல் அட்டவணை வழியாகப் பாம்பன் எடைச்சீட்டுகளைப் படிக்க ஆறு நிமிடம் ஆகிறது

ராமநாதபுரம் கணக்கர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரத்தில் ஒரு மீன் கொள்முதல் வணிகத்தின் கணக்கு மென்பொருளைக் கவனித்துக்கொள்பவன் நான். பாம்பன், மண்டபம், தொண்டி ஆகிய மூன்று ஊர்களில் எங்களுக்கு எடைக்கூடங்கள் உள்ளன. கரைக்கு வரும் மீன், இறால், நண்டு, கணவாய் எதுவானாலும் அங்கேயே எடை போட்டு, படகின் பெயரில் சீட்டு எழுதுவார்கள். ஒவ்வொரு கூடத்திலும் ஒரு கணினியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தனியாக ஓடுகிறது. எல்லாவற்றையும் ராமநாதபுரத்தில் ஒரே தரவுத்தளமாக வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கக்கூடும். இணையத் தொடர்பு அறுந்திருக்கும் நேரத்தில் விசைப்படகு கரை சேர்ந்துவிட்டால், ஐஸ் கரையக் கரைய வியாபாரிகளைக் காக்க வைக்க முடியாது. அதனால்தான் கூடத்துக்கொரு தரவுத்தளம்.

இதுவரை ஒவ்வொரு நாள் மாலையும் கூடங்களிலிருந்து கோப்புகளை வரவழைத்து, இங்கே ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்த வேலையை ஒழிக்கலாம் என்று எண்ணி, வேறொரு கணினியின் தரவுத்தளத்தை இங்கிருந்தே அணுக உதவும் போஸ்ட்கிரெஸ் எஃப்.டி.டபிள்யூ. நீட்சியைச் சென்ற மாதம் நிறுவினேன். கிரியேட் சர்வர் கட்டளையில் பாம்பன் கணினியின் முகவரியைக் கொடுத்து, கிரியேட் யூசர் மேப்பிங் வழியாக அங்குள்ள பயனரின் கடவுச்சொல்லைப் பதிந்து, இம்போர்ட் ஃபாரின் ஸ்கீமா கட்டளையால் அங்கிருக்கும் அட்டவணைகளை இங்கே அயல் அட்டவணைகளாக, அதாவது தரவு அங்கேயே இருக்க இங்கிருந்து படிக்கவும் எழுதவும் கூடிய அட்டவணைகளாகக் கொண்டுவந்தேன். இவ்வளவும் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன. செலக்ட் கொடுத்தவுடன் பாம்பன் சீட்டுகள் என் திரையில் வந்து நின்றதைப் பார்த்தபோது, இத்தனை நாள் கோப்போடு மல்லுக்கட்டியது வீண் என்றே தோன்றியது. சிக்கல்கள் அதற்குப் பிறகுதான் தொடங்கின.

முதலாவது, இன்றைய சீட்டுகளைக் காட்டும் அறிக்கை ஆறு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. எடைச்சீட்டு அட்டவணையில் ஏறத்தாழ ஆறு லட்சம் பதிவுகள் இருக்கின்றன. ஒரு நாளுக்குரியவை முந்நூறைத் தாண்டுவதில்லை. எடை நேரம் என்ற புலத்தில் விரைந்து தேட உதவும் இன்டெக்ஸ் இருக்கிறது. அதே வினவலைப் பாம்பன் கணினியில் ஓட்டினால் கண் இமைப்பதற்குள் விடை வருகிறது. வினவலில் இரண்டே நிபந்தனைகள்: இப்போதைய நேரத்தைத் தரும் நவ் என்ற செயற்கூற்றிலிருந்து இன்றைய நாளின் தொடக்கத்தைக் கணக்கிட்டு, எடை நேரம் அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று, கடல் என்ற புலம் வடகடலாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. பாம்பனில் இரு பக்கத்துப் படகுகளும் எடைக்கு வருவதால், கடல் என்ற பெயரில் ஒரு ஈனம் வகையை (குறித்த சில மதிப்புகளை மட்டுமே ஏற்கும் வகையை) உண்டாக்கி, வடகடல், தென்கடல் என்ற இரண்டு மதிப்புகளை வைத்திருக்கிறோம்.

இரண்டாவது, அன்றாட விலையை இங்கிருந்து பாம்பன் விலைப்பட்டியலில் சேர்க்க முயன்றால், வரிசை எண் வெறுமையாக இருக்கிறது என்ற பிழை வருகிறது. அந்த எண் அங்கே தானாக உருவாக வேண்டியது. நானே ஓர் எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். அப்போது, விலை மாறும்போது தானாக ஓடும் அங்குள்ள ட்ரிகர், விலை வரலாறு என்ற அட்டவணையே இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. அந்த அட்டவணை இருக்கிறது. பாம்பனில் உட்கார்ந்து விலையை மாற்றினால் ட்ரிகர் ஒழுங்காக வேலை செய்கிறது.

மூன்றாவது, தொடர்பு அறுந்தால் என் திரை உறைந்துபோகிறது. பிழை என்றுகூடச் சொல்லாமல் நெடுநேரம் அப்படியே நிற்கிறது.

இங்கே போஸ்ட்கிரெஸ் 16, பாம்பனில் 13. நடுவில் வயர்கார்டு என்ற மறையாக்கிய தனிவழி மூலமாக இணைத்திருக்கிறோம். ஒரு பொட்டலம் போய்த் திரும்ப 40 மில்லி வினாடி ஆகிறது. எங்கே தவறு செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


தொண்டிக்காரன் எழுதியது:

வணக்கம் கணக்கரே. உங்கள் எண்களை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த நீட்சி தொலைவிலுள்ள தரவுத்தளத்தில் ஒரு கர்சரைத் திறந்து, பதிவுகளைச் சிறு சிறு கட்டுகளாக வாங்கும். ஒரு கட்டின் அளவு, நாம் மாற்றாத வரையில், 100 பதிவுகள். ஆறு லட்சம் பதிவுகளுக்கு 6,000 கட்டுகள். ஒவ்வொன்றும் போய்த் திரும்ப 40 மில்லி வினாடி என்றால் 240 வினாடி, அதாவது நான்கு நிமிடம் வழியிலேயே போய்விடுகிறது. ஃபெட்ச் சைஸ் என்ற விருப்பத்தை ஆல்டர் சர்வர் கட்டளையில் 10,000 என்று வைத்துவிடுங்கள். போய்த் திரும்பும் நடை 60 ஆகச் சுருங்கிவிடும்.

அதோடு முடியவில்லை என்றால் டிபிலிங்க் நீட்சியைப் பயன்படுத்திப் பாருங்கள். வினவலை எழுத்துச் சரமாக அப்படியே அனுப்பி, அங்கேயே ஓட்டி, விடையை மட்டும் வாங்கிவிடலாம். நான் பல ஆண்டுகளாக அதைத்தான் வைத்து ஓட்டுகிறேன். அயல் அட்டவணையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.


கீழக்கரையிலிருந்து எழுதியது:

தொண்டி நண்பரின் கணக்கு சரியானது. ஆனால் மருந்து நோய்க்கு உரியதன்று. முந்நூறு பதிவு வேண்டிய இடத்தில் ஆறு லட்சம் ஏன் கடந்து வருகின்றன என்பதையல்லவா முதலில் கேட்க வேண்டும்? கட்டைப் பெரிதாக்கினால் நடை குறையும், சுமை குறையாது. ஒரு பதிவு 200 பைட் என்று வைத்தாலும் 120 மெகாபைட் வந்தாக வேண்டும். வினாடிக்கு ஒரு மெகாபைட் வரும் தொடர்பில் அதற்கே இரண்டு நிமிடம். கணக்கரின் ஆறு நிமிடத்தில் நான்கு நடைக்கும் இரண்டு சுமைக்கும் போயிருக்கும் என்பது என் ஊகம்.

கணக்கரே, அந்த வினவலுக்கு முன்னால் எக்ஸ்பிளெயின் வெர்போஸ் என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள். விடையில் ரிமோட் எஸ்.க்யூ.எல். என்று ஒரு வரி வரும். நீட்சி பாம்பனுக்கு உண்மையில் என்ன கேட்டு அனுப்புகிறது என்பதை அந்த வரிதான் சொல்லும். உங்கள் இரண்டு நிபந்தனைகளில் ஒன்றுகூட அதில் இருக்காது என்று நினைக்கிறேன்; ஃபில்டர் என்ற தலைப்பில் இங்கேயே தங்கியிருக்கும். அதாவது, பாம்பன் கடலில் இருக்கிற மீனையெல்லாம் லாரியில் ஏற்றி ராமநாதபுரம் கொண்டுவந்து, அங்கே வைத்து நெத்திலியை மட்டும் பொறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். ஒரு நிபந்தனையைத் தொலைவுக்கு அனுப்பினால் இங்கே ஓட்டியபோது கிடைக்கும் அதே விடை அங்கேயும் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே நீட்சி அதை அனுப்பும். அதற்கு, நிபந்தனையில் உள்ள செயற்கூறுகளும் ஒப்பீட்டுக் குறிகளும் ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும் இம்யூட்டபிள் வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். தரவு வகைகள் போஸ்ட்கிரெஸோடு பிறந்தவையாகவோ, சர்வர் விருப்பத்தில் நாம் குறித்துக் கொடுத்த நீட்சியைச் சேர்ந்தவையாகவோ இருக்க வேண்டும். நவ் என்பது ஸ்டேபிள் வகை; ஒரு வினவலுக்குள் மட்டுமே அதன் விடை மாறாமல் இருக்கும். இரண்டு கணினிகளின் கடிகாரமும் ஒன்றாகவே ஓடுகின்றன என்பதற்கு நீட்சியிடம் உத்தரவாதம் இல்லாததால், அதை அனுப்ப மறுக்கிறது. கடல் என்ற ஈனமோ நீங்களே உண்டாக்கிய வகை. அதே பெயரில் அங்கே இருப்பதும் இதே பொருள்தானா என்பது நீட்சிக்குத் தெரியாது. அதனால் அதுவும் இங்கேயே நின்றுவிட்டது.

நேரத்துக்கு எளிய வழி ஒன்று உண்டு. நாளின் தொடக்கத்தைக் கணக்கிடும் கோவையை அடைப்புக்குறிக்குள் ஒரு துணை செலக்டாக, அதாவது வினவலுக்குள் வினவலாக எழுதுங்கள். அப்போது போஸ்ட்கிரெஸ் அதை முதலில் ஒரே ஒருமுறை இங்கே கணக்கிட்டு, கிடைத்த மதிப்பை மட்டும் அளவுருவாகப் பாம்பனுக்கு அனுப்பும். ரிமோட் எஸ்.க்யூ.எல். வரியில் டாலர் ஒன்று என்று நீங்கள் காண்பது அதுதான். அங்கே இன்டெக்ஸும் வேலை செய்யும். புலத்தின் வகையும் துணை செலக்ட் தரும் வகையும் ஒன்றாக இருக்கட்டும். தேதி வகைப் புலத்தை நேர மண்டலத்தோடு கூடிய நேரத்தோடு ஒப்பிட்டால், அந்த ஒப்பீட்டுக் குறியே ஸ்டேபிள் என்பதால் பழைய கதைக்குத் திரும்பிவிடுவீர்கள். நவ் செயற்கூற்றைச் சுற்றி இம்யூட்டபிள் என்று பொய் சொல்லும் ஓர் உறையை எழுதிக்கொள்ளும்படி சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஈனத்துக்கு, பாம்பனில் அந்தப் புலத்தை டெக்ஸ்ட் வகைக்கு மாற்றிக் காட்டும் ஒரு வியூவை (பெயரிட்டுச் சேமித்த வினவலை) உண்டாக்கி, அட்டவணைக்குப் பதிலாக அந்த வியூவை இறக்குமதி செய்துகொள்ளுங்கள். அயல் அட்டவணை மறுமுனையில் அட்டவணையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அடுத்தது ட்ரிகர். இந்த நீட்சி தொலைவில் திறக்கும் ஒவ்வொரு அமர்விலும் பெயர்களை எந்த ஸ்கீமாக்களில் (அட்டவணைத் தொகுதிகளில்) தேடுவது என்று சொல்லும் சர்ச் பாத் அமைப்பைப் பி.ஜி. கேட்டலாக் என்ற ஒரே ஸ்கீமாவாகச் சுருக்கிவிடும். தான் அனுப்பும் பெயர்களையெல்லாம் ஸ்கீமாவோடு சேர்த்தே எழுதுவதால் அதற்கு அது போதும். ஆனால் உங்கள் ட்ரிகர் செயற்கூற்றில் விலை வரலாறு என்று வெறும் பெயராக எழுதியிருப்பீர்கள்; பப்ளிக் ஸ்கீமாவில் தேட வேண்டும் என்று அந்த அமர்வுக்குத் தெரியாது. ஆல்டர் ஃபங்ஷன் கட்டளையில் அந்தச் செயற்கூற்றுக்கென்று சர்ச் பாத்தை நிலையாக அமைத்துவிட்டால் தீர்ந்தது. வெளியிலிருந்து யார் அழைத்தாலும் உடையாத வழக்கம் இது என்பதால், எல்லாக் கூடங்களிலும் செய்துவிடுங்கள்.

வரிசை எண்ணைப் பொறுத்தவரை, இன்செர்ட் செய்யும்போது நீட்சி அயல் அட்டவணையில் அறிவித்த எல்லாப் புலங்களையும் அனுப்பும். நீங்கள் மதிப்புக் கொடுக்காத புலத்துக்கு இங்குள்ள இயல்பு மதிப்பு போகும். இங்கே இயல்பு மதிப்பு இல்லையென்றால் நல், அதாவது வெறுமை, போகும். இறக்குமதியின்போது இயல்பு மதிப்புகள் கூடவே வருவதில்லை. ஆகவே எண்ணே இல்லாமல் இரண்டாவதாக ஓர் அயல் அட்டவணையை அதே விலைப்பட்டியலின் மேல் அறிவித்து, எழுதுவதற்கு அதைப் பயன்படுத்துங்கள்; தெரியாத புலத்தை நீட்சி அனுப்ப முடியாது, பாம்பனே எண்ணைப் போட்டுக்கொள்ளும்.

டிபிலிங்க் பற்றியும் ஒரு சொல். அது பழையது, நம்பத்தக்கது, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் விடையின் புலங்களையும் வகைகளையும் கையால் எழுத வேண்டும். எழுத்துச் சரத்துக்குள் சரத்தைச் செருகும்போது மேற்கோள் குறி ஒன்று தவறினால் அன்றைய பொழுது போய்விடும். எஃப்.டி.டபிள்யூ. 2013-இல் போஸ்ட்கிரெஸ் 9.3-உடன் வந்தபோது அதன் மேல் தொண்டி நண்பர் கொண்ட ஐயம் நியாயமானது. அன்று அது இரண்டு அயல் அட்டவணைகளின் இணைப்பைக்கூட இங்கே இழுத்து வந்துதான் செய்யும். 9.6-இல் இணைப்புகளையும் வரிசைப்படுத்தலையும், 10-இல் கூட்டல், எண்ணிக்கை போன்றவற்றையும் தொலைவுக்கே அனுப்பக் கற்றுக்கொண்டுவிட்டது.


ராமநாதபுரம் கணக்கர் எழுதியது:

கீழக்கரை அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. ரிமோட் எஸ்.க்யூ.எல். வரியில் நிபந்தனை என்று ஒன்றுமே இல்லை. புலங்களின் பெயர்களும் அட்டவணையின் பெயரும் மட்டும் இருந்தன. இந்த வரியை முதல் நாளே பார்த்திருந்தால் ஒரு மாதத்தை மிச்சப்படுத்தியிருப்பேன். இப்போது அறிக்கை ஒரு வினாடிக்குள் வருகிறது. எண் இல்லாத அயல் அட்டவணையும் ட்ரிகர் திருத்தமும் வேலை செய்கின்றன.

ஆனால் நான் ஒருபடி கூடுதலாகப் போய்விட்டேன் போலிருக்கிறது. ஈனத்துக்காகப் பாம்பனில் வியூ உண்டாக்கும்போது, நாள் நிபந்தனையையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டால் இங்கே துணை செலக்ட் எழுதும் தொல்லையும் இல்லையே என்று எண்ணி, எடை நேரத்தைத் தேதியாக மாற்றி கரண்ட் டேட் மதிப்போடு ஒப்பிட்டு, இன்றைய சீட்டு என்ற பெயரில் வியூவை உண்டாக்கினேன். பகலில் சோதித்தபோது சரியாகவே தெரிந்தது. இன்று காலை ஆறு மணிக்கு அறிக்கை எடுத்தால் பாதிக்கு மேற்பட்ட சீட்டுகளைக் காணவில்லை. விடியலுக்கு முன் எடை போட்டவை எல்லாம் மறைந்துவிட்டன; அதிகாலைச் சீட்டுதான் எங்களுக்கு முக்கியமே. பாம்பனில் தொலைபேசியில் கேட்டேன். அங்கே அதே வியூவைத் திறந்தால் ஒன்றுகூடக் குறையவில்லை என்கிறார்கள். இங்கே எண்ணிப் பார்த்தேன், இருப்பவற்றில் மிக முந்தைய சீட்டு காலை 5.32-க்கு எழுதியது.


கீழக்கரையிலிருந்து எழுதியது:

5.32 என்று நீங்கள் எழுதியதே விடையைச் சொல்லிவிட்டது. சர்ச் பாத்தைச் சுருக்குவது போலவே, நீட்சி தொலைவில் திறக்கும் அமர்வின் நேர மண்டலத்தையும் யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) என்று மாற்றிவிடும். தேதிகளையும் நேரங்களையும் இரு முனைகளுக்கிடையே குழப்பமில்லாமல் எழுதிப் படிப்பதற்காக அது செய்துகொள்ளும் ஏற்பாடு அது. உங்கள் வியூவுக்குள் இருக்கும் தேதி மாற்றமும் கரண்ட் டேட்டும் அந்த அமர்வில் ஓடுவதால், அவற்றுக்கு நாள் பிறப்பது நம்முடைய காலை ஐந்தரை மணிக்கு. நான்கு மணிக்கு எழுதிய சீட்டு அவற்றின் கணக்கில் நேற்றையது. பாம்பனில் உட்கார்ந்திருப்பவரின் அமர்வு இந்திய நேரத்தில் இருப்பதால் அவருக்கு எல்லாம் தெரிகிறது. சீட்டில் உள்ள நேரம் கெடவில்லை, அஞ்ச வேண்டாம். எண்ணும் முறைதான் வேறு.

நாள் கணக்கை வியூவுக்குள் வைக்காதீர்கள் என்பதே என் கருத்து. துணை செலக்ட் இங்கே, இந்திய நேரத்தில் ஓடும் உங்கள் அமர்வில் கணக்கிடப்பட்டு, ஐயத்துக்கிடமில்லாத ஒரு கணமாகப் பாம்பனுக்குப் போகிறது. அதுவே பாதுகாப்பானது. வியூவிலேயே வைத்தாக வேண்டும் என்றால், அட் டைம் ஜோன் என்று ஆசியா/கொல்கத்தா மண்டலத்தை வெளிப்படையாக எழுதி நாளின் தொடக்கத்தைக் கணக்கிட்டு, அதை மீண்டும் அதே மண்டலத்தின் வழியாக ஒரு கணமாக மாற்றி, எடை நேரப் புலத்தைத் தொடாமல் அதனோடு ஒப்பிடுங்கள். புலத்தின் மேல் தேதி மாற்றத்தைச் சுற்றினால் இன்டெக்ஸ் பயன்படாது. ஆறு லட்சத்தையும் பாம்பன் கணினி படிக்க நேரிடும்.

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அட்டவணைகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் போஸ்ட்கிரெஸில் ஒரு பெயருக்கு 63 பைட்தான் இடம், யூ.டி.எஃப். எட்டில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும் என்பதால், 21 குறியீட்டோடு பெயர் வெட்டுப்படும். புள்ளியும் கால், கொம்பு முதலியவையும் தனித்தனிக் குறியீடுகள் என்பதை மறக்க வேண்டாம். கண்ணுக்கு 12 எழுத்தாகத் தெரிவது எளிதில் 20-ஐத் தொட்டுவிடும். மூன்று கூடத்தின் அட்டவணைகளையும் நீண்ட முன்னொட்டுகளோடு ஒரே ஸ்கீமாவுக்குள் கொண்டுவந்தால் வெட்டுப்பட்ட பெயர்கள் மோதும். கூடத்துக்கு ஒரு ஸ்கீமா வைத்துவிட்டால் முன்னொட்டே வேண்டியதில்லை.


மண்டபத்திலிருந்து எழுதியது:

மூன்றாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதன்மையானதாகத் தெரிகிறது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் தொடர்பு அறுவது அதிசயம் அல்ல; வாடைக்காற்று நாட்களில் அறாமல் இருந்தால்தான் அதிசயம்.

உறைந்து நிற்பதற்கு உடனடி மருந்து சர்வர் விருப்பங்களில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸின் இணைப்பு நூலகமான லிப்பிக்யூ ஏற்கும் இணைப்பு அளவுருக்களில் பெரும்பாலானவற்றை கிரியேட் சர்வர் கட்டளையிலேயே கொடுக்கலாம். கனெக்ட் டைம்அவுட்டை ஐந்து வினாடி என்று வையுங்கள். கீப்அலைவ்ஸ் ஐடில், இன்டர்வல், கவுன்ட் ஆகிய மூன்றையும் சிறிய எண்களாக வைத்தால், மறுமுனை ஓசையின்றி மறைந்துவிட்டதை அரை நிமிடத்துக்குள் கண்டுகொள்ளும்; இயக்குதளத்தின் இயல்பு அமைப்பில் விட்டுவிட்டால், லினக்ஸில் முதல் விசாரிப்பே இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போகும். அறிக்கைப் பயனருக்கு ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டும் வையுங்கள். இங்குள்ள ஒவ்வொரு அமர்வும் பாம்பனில் தனக்கென ஓர் இணைப்பைத் திறந்து, அமர்வு முடியும் வரை வைத்துக்கொள்ளும்; 14-ஆம் பதிப்பு முதல் கீப் கனெக்ஷன்ஸ் விருப்பத்தை அணைத்துவைக்கலாம்.

இனி, கேட்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். விலையை மூன்று கூடங்களுக்கும் ஒரே பரிவர்த்தனையில் அனுப்பப் போகிறீர்கள் அல்லவா? இந்த நீட்சியில் இரு கட்ட கமிட் (எல்லா இடமும் தயார் என்று உறுதி செய்த பிறகே மாற்றத்தை நிலைப்படுத்தும் முறை) கிடையாது. நீங்கள் கமிட் கொடுக்கும்போது அது ஒவ்வொரு கூடத்திலும் தனித்தனியாக கமிட் செய்கிறது. பாம்பன் முடிந்து, மண்டபம் முடிந்து, தொண்டிக்குப் போகும் கணத்தில் தொடர்பு அறுந்தால், முதல் இரண்டையும் திரும்பப் பெற வழியில்லை. வஞ்சிரத்துக்கு மண்டபத்தில் ஒரு விலை, தொண்டியில் நேற்றைய விலை என்று சீட்டு எழுதிவிட்டால், படகுக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? போஸ்ட்கிரெஸ் தவறு என்று சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே திசையைத் திருப்புங்கள். ராமநாதபுரத்திலிருந்து விலையைத் தள்ளாதீர்கள்; கூடங்கள் இழுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு கூடத்துக் கணினியிலும் ராமநாதபுரம் விலைப்பட்டியலை நோக்கி ஓர் அயல் அட்டவணை இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் என்ற நேரப்படி இயக்கும் கருவியின் வேலை ஒன்று அதைப் படித்து, தன் சொந்த அட்டவணையில் புதியவற்றை மட்டும் சேர்க்கட்டும். விலையோடு அது எப்போது முதல் நடைமுறைக்கு வருகிறது என்ற நேரத்தையும் எழுதி, அரை மணி நேரம் முன்னதாகவே பதிந்துவிட்டால், மூன்று கூடமும் ஒரே நேரத்தில் மாறும். தொடர்பு அறுந்திருந்தால் அடுத்த சுற்றில் வாங்கிக்கொள்ளும். எழுதுவது உள்ளூர் அட்டவணையில் என்பதால், ஏற்கெனவே உள்ள பதிவோடு மோதினால் என்ன செய்வது என்று சொல்லும் ஆன் கான்ஃபிளிக்ட் முழுவதையும் பயன்படுத்தலாம். அயல் அட்டவணையில் எழுதினால், இன்டெக்ஸைச் சுட்டாத டூ நத்திங் மட்டும்தான் கிடைக்கும், டூ அப்டேட் கிடையாது. ட்ரிகரும் உள்ளூர் அமர்வில் ஓடும்.

சீட்டுகளுக்கும் எனக்கு அயல் அட்டவணை உகந்ததாகத் தெரியவில்லை. அது வாசல் வழியாகப் பார்ப்பது; கதவு மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. மாதக் கணக்கு, பருவக் கணக்கு எடுக்க வேண்டியவர்களுக்குச் சீட்டின் நகல் கையிலேயே இருக்க வேண்டும். 10-ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸிலேயே இருக்கும், மாற்றங்களைத் தொடர்ந்து நகலுக்கு அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷனைப் பாருங்கள். கூடத்தில் அனுப்பும் பப்ளிகேஷன், உங்களிடம் வாங்கும் சப்ஸ்கிரிப்ஷன். 13-இலிருந்து 16-க்கு அனுப்பத் தடையில்லை. தொடர்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பாம்பனில் வால் லெவல் (மாற்றக் குறிப்பேட்டில் எவ்வளவு பதிவது என்ற) அமைப்பை லாஜிக்கல் என்று மாற்றி ஒருமுறை சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும். படகுகள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

அதில் கவனிக்க வேண்டியவை உண்டு. மூன்று கூடத்துச் சீட்டும் ஒரே அட்டவணையில் விழப்போவதால், ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோலில் கூடத்தின் எண்ணும் சேர்ந்திருக்க வேண்டும். பாம்பனிலும் தொண்டியிலும் 4,512 என்ற சீட்டு இருந்தால் சப்ஸ்கிரிப்ஷன் நின்றுவிடும். அட்டவணையில் புதிய புலம் சேர்த்தால் அது தானாக வந்து சேராது, இரு முனையிலும் நீங்களே சேர்க்க வேண்டும். உங்கள் ராமநாதபுரம் சர்வர் பல நாள் அணைந்திருந்தால், அனுப்ப வேண்டியதைப் பாம்பன் கணினி தன் வட்டில் சேர்த்துக்கொண்டே போகும். வட்டு நிறைந்தால் எடைக்கூடமே நின்றுவிடும். 13-இல் வந்த மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ் என்ற அமைப்பால் அதற்கு எல்லை வைக்கலாம். எல்லையைத் தாண்டினால் நகலைத் தொடக்கத்திலிருந்து எடுக்க வேண்டிவரும், ஆனால் எடை நிற்காது. எனக்கு இரண்டில் அதுவே மேல்.


தொண்டிக்காரன் எழுதியது:

மண்டபத்து அக்கா சொன்ன திசைமாற்றத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். டிபிலிங்கில் விலை தள்ளிக்கொண்டிருந்த எனக்கும் அந்தப் பாதிப் பாதி நிலைமை ஒருமுறை வந்தது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கணக்கர் அயல் அட்டவணையை முற்றிலும் கைவிடாத வரையில், அதற்குப் புள்ளிவிவரம் திரட்டும் அனலைஸ் கட்டளையைத் தாமே ஓட்ட வேண்டும். அதைத் தானாகச் செய்யும் ஆட்டோவேக்கம் அயல் அட்டவணைகளைத் தொடுவதில்லை. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகுச் சீட்டு மட்டுமே வரும்; தடை முடிந்தவுடன் எண்ணிக்கை ஒரேயடியாக ஏறும். பழைய புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு, வினவலுக்குத் திட்டமிடும் பிளானர் படகு அட்டவணையோடு இணைக்கும் முறையைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததை நான் கண்டிருக்கிறேன். யூஸ் ரிமோட் எஸ்டிமேட் என்ற விருப்பத்தை இயக்கினால் அங்கேயே கேட்டு வரும், ஆனால் ஒவ்வொரு வினவலுக்கும் கூடுதல் நடை ஆகும். 40 மில்லி வினாடித் தொடர்பில் நான் அதை இயக்க மாட்டேன்.


ராமநாதபுரம் கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வியூவிலிருந்து நாள் நிபந்தனையை எடுத்துவிட்டேன். இன்று காலை எடுத்த அறிக்கையில் 3.48-க்கு எழுதிய முதல் சீட்டிலிருந்து எல்லாம் இருந்தன. தொடர்பைத் துண்டித்துச் சோதித்தேன். 25 வினாடியில் பிழை சொல்லித் திரும்பியது.

விலையைக் கூடங்களே இழுக்கும் ஏற்பாட்டை முதலில் மண்டபத்தில் அமைத்திருக்கிறேன். ராமநாதபுரத்தில் விலைப்பட்டியலை மட்டும் படிக்கக்கூடிய ஒரு பயனரை உண்டாக்கி, அவரது கடவுச்சொல்லைத்தான் கூடத்தின் யூசர் மேப்பிங்கில் வைத்தேன். கூடத்துக் கணினியைப் பலர் தொடுவார்கள். அங்கிருந்து இங்குள்ள கணக்குகளைத் திறக்க வழியிருக்கக் கூடாது.

சீட்டு நகலுக்கு லாஜிக்கல் ரெப்ளிகேஷன் என்று முடிவு செய்துவிட்டோம். பாம்பனில் இன்னும் 13 ஓடுகிறது. அதற்கான ஐந்தாண்டு ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டதால், அதையும் உயர்த்திவிட்டு அதன் பிறகே தொடங்கப்போகிறேன். முதன்மைத் திறவுகோலில் கூடத்தின் எண் இப்போது இல்லை. அதைச் சேர்க்கும் நாளில் எடையை நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால், இரண்டையும் தடைக்காலத்தில் ஒரே மூச்சில் செய்துவிடலாம் என்று கூடத்தாரிடம் பேசியிருக்கிறேன். அதுவரையில் அயல் அட்டவணையும் துணை செலக்டும் போதும்.